டிஷ் பெட்டிக்குச் சாஃப்ட்வேர் ஏற்றிய மூன்று நாள்

எங்கள் அப்பாவுக்கு உலகத்தில் எல்லாச் சிக்கலும் ரிப்பேர்தான். கோழி தீவனம் தின்னாவிட்டால் தண்ணீர்க் குழாயைக் கழற்றிப் பார்ப்பார். நான் கணக்கில் மார்க் குறைவாக வாங்கியபோது என் மேசை விளக்குக்குப் புது பல்பு போட்டார். அம்மா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தால், மூன்றாம் நாள் காலையில் மிக்ஸிக்குப் புது பிளேடு மாட்டிக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், என் பெண்டாட்டி அழுதுகொண்டே இருக்கிறாள், நாங்கள் ஊருக்குப் போகிறோம் என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? ஸ்க்ரூ டிரைவரைத்தான் எடுப்பார். எடுத்தார்.

சொன்னவர் எங்கள் பண்ணையில் வேலை பார்த்த ஒடிசாக்காரர். நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை, இரண்டு ஷெட். ஷெட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டு அறையில் அவரும் அவர் மனைவியும் மகள் மாலதியும் ஒரு வருடமாகக் குடியிருந்தார்கள். தீவனம் போடுவது, முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது எல்லாம் அவர்கள் கையில்தான். அவரை நான் அண்ணன் என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிடுவேன். அண்ணன் முதலாளியிடம் பேசுகிற அளவுக்குத் தமிழ் தேற்றிவிட்டார். அக்காவுக்கு ஒரு வார்த்தையும் வராது. மாலதி என்னோடு ஐந்தாவது படித்தாள். வந்து ஆறு மாதத்தில் தமிழை அப்படியே விழுங்கிவிட்டாள். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்குத் தெரியாத கெட்ட வார்த்தைகளைக்கூட எனக்கு விளக்கிச் சொல்லும் அளவுக்கு முன்னேறியிருந்தாள். எனக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது. பண்ணைத் தோட்டத்தில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர்களுக்குத்தான் அது புரியும்.

அண்ணன் வந்து சொன்னது வியாழக்கிழமை சாயங்காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம் ஜங்ஷனில் ரயில். பக்கத்துப் பண்ணையில் இருந்த அவர்கள் ஊர்க் குடும்பம் ஆயுத பூஜை முடிந்ததும் கிளம்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். மாலதி போய்விட்டால் நான் யாரோடு பள்ளிக்கூடம் போவேன்?

அம்மாதான் சரியாகச் சொன்னார். "அந்தப் புள்ளைக்குப் பேச ஆளில்லீங்க. நாள் பூரா கோழி மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தா நானுங்கூடத்தான் அழுவேன்."

அப்பா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "ஆமா, டிவிய சரி பண்ணோணும்" என்றார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த அறையில் எங்கள் வீட்டின் பழைய பெருந்தொப்பை டிவியும், மாதச் சந்தா கட்டத் தேவையில்லாத ஒரு டிஷ் பெட்டியும் இருந்தன. கூரை மேல் டிஷ். அதில் வந்ததெல்லாம் நாலைந்து தமிழ்ச் சேனல்கள்தான். மற்ற இடங்களில் நீலத் திரை. அக்கா அதன் பக்கமே திரும்ப மாட்டார். டிவி மேல் ஒரு கொசுவர்த்திச் சுருளை வைத்து, அதைப் பயனுள்ள சாமானாக மாற்றியிருந்தார்.

அப்பா உடனே என் மாமாவுக்குப் போன் போட்டார். மாமா அம்மாவின் தம்பி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு செல்போன் கடையில் வேலை. எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் எழுத்து ஓடும் எந்தச் சாமானுக்கும் அவர்தான் வைத்தியர். பெட்டியின் மாடலைக் கேட்டவர், அது பழசு, புது சாஃப்ட்வேர் ஏற்றினால் வடக்கத்திச் சேனல் எல்லாம் கொட்டும், பென் டிரைவில் போட்டு எடுத்து வருகிறேன் என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டு, "உங்க பாஷையிலயே டிவி வரப் போகுது. அப்புறம் ஏன் ஊருக்குப் போறே?" என்றார். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது போல் இதற்கும் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்த விதத்தைப் பார்த்தால் திருப்பதி லட்டு எடுக்கிறாரோ என்று இருக்கும். பெட்டியின் முகப்பில் இடது ஓரமாக இருந்த பொந்தில் செருகினார். ரிமோட்டை அமுக்கி எங்கெங்கோ போய், அப்கிரேடு என்ற இடத்தில் நிறுத்தி, ஓகே கொடுத்தார். இங்கிலீஷ் படிக்க வாய்ப்புக் கிடைத்ததால் நான் சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். யூஎஸ்பி எதுவும் இல்லை என்று பெட்டி சொன்னது.

"இதென்ன கூத்து? குத்திக்கிட்டு நிக்குதே, கண்ணு தெரியலையா இதுக்கு?" என்றார் அப்பா.

மாமா உருவினார், செருகினார். திருப்பிச் செருகிப் பார்த்தார், போகவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டார். இல்லை என்பதையே பெட்டி திரும்பத் திரும்பச் சொன்னது. பென் டிரைவுக்குள் தன் பாட்டுகளும் சிநேகிதன் கல்யாண போட்டோக்களும் கிடப்பதால் பெட்டி குழம்புகிறது, எல்லாவற்றையும் அழித்து, பெட்டிக்குப் பிடித்த முறையில் ஃபார்மட் செய்து, அந்த ஒற்றை ஃபைலை மட்டும் எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் வெளியே வைக்க வேண்டும் என்று மாமா விளக்கினார். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மறுபடி செவ்வாய்ப்பேட்டைக்கு பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து செருகினார். யூஎஸ்பி இல்லை.

இதற்குள் அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் வேறொரு கச்சேரி ஆரம்பித்துவிட்டது.

"மாப்ள, நீங்க கடையில செல்போன் விக்கிறீங்களா, இல்ல ஒட்டடை அடிக்கிறீங்களா?"

"மச்சான், பென் டிரைவு கடை கம்ப்யூட்டர்ல ஜம்முனு ஓடுதுங்க. உங்க பெட்டிதான் கோழிக் கூண்டுக்குள்ள கெடந்து கோழி மாதிரியே ஆயிருச்சு."

அம்மா தம்பிக்குத் தோசை வார்த்துப் போட்டபடி இருவருக்கும் பொதுவாகச் சிரித்தார். மாலதியும் நானும் சிரிக்கவில்லை. அவர்கள் அறையில் ஒரு தகரப் பெட்டி திறந்து கிடந்ததை நான் பார்த்துவிட்டேன். அக்கா அதில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மாலதியின் பள்ளிச் சீருடை அடியில் போயிருந்தது. அன்று ராத்திரி, அடுத்த முறை கட்டாயம் வேலை செய்யட்டும் என்று எல்லாச் சாமியையும் பெயர் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை மாமா லீவு போட்டுவிட்டார். இப்போது அவருக்கு இது மானப் பிரச்சினை. கடையிலிருந்து இரவல் வாங்கிய இன்னொரு பென் டிரைவைச் செருகினார். அதுவும் முழுதாக உள்ளே போகாமல் பல் இளித்துக்கொண்டு நின்றது. அப்பா பொறுமை இழந்து அதைப் பிடுங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அப்புறம் மூக்கருகே கொண்டு போனார்.

"என்ன மாப்ள, பென் டிரைவு மணக்குது?"

மாமா வாங்கி முகர்ந்தார். அம்மாவும் முகர்ந்தார். மாலதி என்னைப் பார்த்தாள். நான் மாலதியைப் பார்த்தேன். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

ஆயுத பூஜையன்று பண்ணையில் இருக்கும் அத்தனை சாமானுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும் வேலையை அப்பா எங்கள் இருவருக்கும் கொடுத்திருந்தார். ஒன்று விடக் கூடாது என்பது உத்தரவு. நாங்களும் விடவில்லை. தீவனம் கலக்கும் மிஷின், தள்ளுவண்டி, தராசு, மொபெட், மருந்தடிக்கும் டேங்க், மண்வெட்டி, வீட்டுக்குள் வந்து பிரிட்ஜ், கிரைண்டர், தையல் மிஷின். கடைசியாக மாலதி வீட்டு டிஷ் பெட்டி. அதற்கு நெற்றி எது என்று எங்களுக்குள் சண்டை. மேலே ஒரு பொட்டு வைத்தேன். முகப்பில் இருந்த சின்னப் பொந்து வாய் போலவே இருந்தது. சாமிக்குப் படைத்த பொரியை அதற்கு ஊட்டலாம் என்றாள் மாலதி. பொரி நமத்துப் போயிருந்ததால் நான் சந்தனத்தை ஊட்டினேன். நிறையவே ஊட்டினேன். பாவம், ஊமைப் பெட்டி என்று விரலால் அமுக்கி வேறு விட்டேன்.

யாரும் கேட்பதற்கு முன்னாலேயே நான் ஓவென்று அழுதுவிட்டேன். நான்தான் அடைத்தேன், மாலதி போகப் போகிறாள், எல்லாம் என்னால்தான் என்று விக்கி விக்கிச் சொன்னேன். மாலதி எனக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, தட்டைப் பிடித்தது தான்தான் என்றாள்.

அடி விழும் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். அப்பாவோ தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். தன் தொடையில்தான். இரண்டு நாளாக எங்கே என்று தெரியாத ரிப்பேர் கிடைத்துவிட்டதே, அதைவிட அவருக்கு என்ன சந்தோஷம் இருக்கிறது? "அழாத சாமி, சாமி கும்புட்டதுதானே, ஒண்ணும் ஆகாது" என்று என் தலையைத் தடவிவிட்டு, கோழிக்குத் தடுப்பூசி போடும் ஊசியையும் ஸ்பிரிட்டையும் எடுத்துவர ஓடினார். மாமா, முதலில் பிளக்கைப் பிடுங்குங்க மச்சான் என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். அப்புறம் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்து, காய்ந்த சந்தனத்தைத் துணுக்குத் துணுக்காகச் சுரண்டி எடுத்தார்கள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஊசி நுனியில் சுற்றித் துடைத்தார்கள். அறை முழுக்க ஆஸ்பத்திரியும் கோயிலும் கலந்த வாசனை.

சாயங்காலம் நாலு மணி ஆகப் போகும்போது மாமா பிளக்கை மாட்டி, பென் டிரைவைச் செருகினார். இந்த முறை அது சிணுங்காமல் உள்ளே போனது. திரையில் ஃபைலின் பெயர் வந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் ஷெட்டுக் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின.

மாமா கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். ஏறி முடிகிறவரை கரண்டு போகக் கூடாது, பாதியில் நின்றால் பெட்டி செத்துப் போகும், காயலான்கடைக்குத்தான் போடணும் என்றார். ஓகே கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மெதுவாக ஏறின. நாற்பதைத் தாண்டும்போது அப்பாவின் முகம் திடீரென்று வெளுத்தது.

"ஐயோ, மோட்டார்!"

நாலு மணிக்குத் தீவனம் கலக்கும் மிஷினைப் போட வேண்டும். அந்த மோட்டார் கிளம்பினால் பண்ணை முழுக்க பல்பு மங்கி, டிவி ஒரு தடவை செத்துப் பிழைக்கும். அதைப் போடுவது அக்காவின் வேலை. மறுநாள் ரயிலுக்குக் கிளம்புகிறவர்தான், இருந்தாலும் கோழியைப் பட்டினி போடுகிற ஆளில்லை. மிஷின் கொட்டகைப் பக்கம் அவர் நடந்து போவது ஜன்னல் வழியே தெரிந்தது.

நான் ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. மாலதியும் ஓடி வந்தாள், ஆனால் பாதியில் தண்ணீர்க் குழாய் தடுக்கிக் குப்புற விழுந்துவிட்டாள். என் நல்ல நேரமா கெட்ட நேரமா தெரியவில்லை, தமிழிலிருந்து ஒடியாவுக்கு மாற்றும் ஒரே ஆள் மண்ணில் கிடந்தாள். நான் கொட்டகைக்குள் போனபோது அக்காவின் கை சுவிட்ச் மேல் இருந்தது. என்ன சொல்வது? எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. அந்தக் கையை இரண்டு கையாலும் இழுத்து என் நெஞ்சோடு கட்டிக்கொண்டேன். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மூச்சு வாங்கியதில், பயத்தில், காலையிலிருந்து அழுததில் மிச்சமிருந்த கண்ணீரும் சேர்ந்து கொட்டியது.

அக்கா என்னையே பார்த்தார். அப்புறம் மண்டியிட்டு உட்கார்ந்து, என்னை இறுக்கி அணைத்துக்கொண்டார். சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தார். அவருடைய கண்ணும் நிறைந்துவிட்டது. எனக்கோ ஒரே அவசரம். இந்தப் பெட்டி எவ்வளவு ஏறியிருக்கும், அறுபதா எழுபதா என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் நகரவில்லை. அணைத்துக்கொண்டிருக்கும் வரை அவர் கை சுவிட்சுக்குப் போகாது, அது போதும் என்று அப்படியே நின்றேன்.

அறையிலிருந்து மாமாவின் விசில் சத்தம் கேட்டது. நூறு.

பெட்டி ஒருமுறை அணைந்து, எங்கள் உயிரைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, மறுபடி எரிந்தது. மாமா சேனல்களைத் தேடவிட்டார். வரிசையாக வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர், ஓர் இடத்தில் நிறுத்தினார். மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஒரு குளக்கரையில் பாடிக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. அதுதான் சரியான சேனல் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

அப்பா அக்காவையும் அண்ணனையும் அழைத்து நடுவில் உட்கார வைத்தார். "பாரும்மா, உங்க ஊரு டிவி!" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அம்மா எல்லோருக்கும் காபி கொண்டு வந்திருந்தார். மாலதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அக்கா அவள் தொடையில் லேசாக ஒரு கிள்ளு கிள்ளினார். அப்புறம் திரையைப் பார்த்தார். அப்பாவை, மாமாவை, அம்மாவை, கடைசியில் என்னைப் பார்த்தார். ஒரு வருடமாக நாங்கள் கேட்காத அந்தக் குரல் தமிழில் வந்தது.

"நல்லா இருக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை ரயில் அவர்கள் இல்லாமல் போனது. அப்பா அன்று முழுக்கச் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தார். பார்த்தவர்களிடம் எல்லாம் ஃபைல், ஃபார்மட் என்று பேசினார்.

அதற்கப்புறம் மூன்று வருடம் அவர்கள் எங்களோடு இருந்தார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்தச் சேனலில் ஒரு தொடர் வரும். படம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க அப்பா ஒரு நடை வந்து போவார். முதலில் சும்மா எட்டிப் பார்த்த அம்மா, அப்புறம் முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து உருவ ஆரம்பித்தார். அக்காவும் ஒரு பக்கம் உருவுவார். ஊறுகாய் கைமாறியது, பூக்கட்டும் விதம் கைமாறியது. இரண்டாம் வருடம் இரண்டு பேரும் எந்த மொழி என்று சொல்ல முடியாத ஒரு மொழியில் சளசளவென்று பேசிக்கொண்டார்கள். தொடரின் கதையை எனக்கு மாலதிதான் தமிழில் சொல்வாள். எனக்கு அந்தக் கதை மேல் பைத்தியம்.

பிற்பாடு நான் கல்லூரி விடுதியில் இருந்தபோது என் அறைத்தோழி புவனேசுவரக்காரி. உங்கள் மொழிச் சேனலை மூன்று வருடம் பார்த்தவள் நான் என்று பெருமையாகச் சொல்லி, சேனலின் பெயரையும் சொல்லி, தொடரின் பாட்டையும் பாடிக் காட்டினேன். அவள் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தாள். அது போஜ்புரி, பீகார்ப் பக்கத்து மொழி, எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வரிகூட விளங்காது என்றாள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வடக்கே இருந்து வந்த எல்லோரையும் இந்திக்காரர் என்று ஒரே மூட்டையில் கட்டிய குடும்பம் அல்லவா எங்களுடையது. பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டேன். அப்படியானால் மாலதி எனக்குத் தினமும் சொன்னது யாருடைய கதை?

அவள் சொன்ன கதையில் ஒரு பெண் தூர தேசத்துக்கு வாழ வந்திருப்பாள். தினமும் பெட்டியைக் கட்டுவாள், ஏதாவது ஒன்று நடக்கும், மறுபடி பிரித்து வைத்துவிடுவாள். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய், பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வண்டி ஏற வேண்டியதுதானே, இவளுக்கு என்னடி வந்தது என்று மாலதியிடம் கத்தினேன். மாலதி டிவியைப் பார்க்கவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த எங்கள் அம்மாக்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஊருக்குப் போலாம்னு கெளம்புனப்ப ஒரு புள்ள ஓடியாந்து கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சாமா. அத விட்டுட்டு எப்புடிப் போறதுன்னு அந்தப் பொண்ணு கேக்குது."

சுத்த மோசமான கதை, அந்தப் பிள்ளை ஏன் அழுததாம் என்று கேட்டேன். அது தனக்கும் தெரியாது என்றாள் மாலதி.